தோட்டத்து வீதிக்கும் ஓர் இலக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளில் நெடுஞ்சாலை இலக்கங்களை மாற்றிக்கொண்டே இருப்பது வீண் செலவு என்று வாசகர் ஒருவர் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். பலகை மாற்றக் காசு வேண்டும், சனங்கள் கொஞ்சக் காலம் தடுமாறுவார்கள், அதெல்லாம் சரி. ஆனால் அந்த மாற்றங்களுக்கு நியாயமான காரணங்கள் இருந்திருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் இலங்கையில் நம் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் செய்யாமல் விட்ட ஒரு வேலையும் தெரியவரும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1964 வரை பல வீதிகளுக்கு இரண்டு இலக்கங்கள் இருந்தன. சட்டப் புத்தகத்தில் ஒன்று, வீதியோரப் பலகையில் வேறொன்று. அந்த ஆண்டு மாநிலம் முழுவதும் திருத்தி ஒரே இலக்கமாக்கினார்கள். மாநிலங்களை இணைக்கும் புதிய இன்டர்ஸ்டேட் வீதிகளும் அப்போது வந்துகொண்டிருந்தன. புதிய வீதிக்கும் பழைய மாநில நெடுஞ்சாலைக்கும் ஒரே இலக்கம் விழுந்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது? பழையது விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் 2010இல் தேசிய நெடுஞ்சாலைகள் எல்லாவற்றுக்கும் புது இலக்கம் வந்தது. வடக்கு தெற்காக ஓடுவதற்கு இரட்டை எண், கிழக்கு மேற்காக ஓடுவதற்கு ஒற்றை எண். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை பல இலக்கங்களாகத் துண்டுபட்டுக் கிடந்த பாதை முழுவதும் 44 ஆனது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது கிளை வீதிக்கு இலக்கம் வைத்த விதம். 44இலிருந்து பிரியும் வீதிகள் 144, 244 என்று தாய் வீதியின் இலக்கத்தைக் கடைசியில் சுமக்கின்றன. சேலத்திலிருந்து கோயம்புத்தூர் வழியாகக் கொச்சிக்குப் போகும் வீதி முன்பு 47, இப்போது 544. இலக்கத்தைக் கேட்டதுமே அது எந்தப் பெரிய வீதியின் கிளை என்று விளங்கிவிடும். ஒரு மாநில நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலையாக உயர்த்தப்படும்போதும் இலக்கம் மாறுகிறது. அப்போது அதற்குச் செலவழிக்கும் பொறுப்பும் கைமாறுகிறது. இதுதான் முக்கியமான விஷயம்.

நம் நாட்டிலும் அப்படித்தான். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி தர வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. கொழும்பிலிருந்து பதுளைக்கு வரும் 99ஆம் இலக்க பஸ், பேரகலை வரை ஏ4 வீதியிலும், அங்கிருந்து அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலி எல வரை ஏ16 வீதியிலும், அப்புறம் பதுளை வரை ஏ5 வீதியிலும் ஓடுகிறது. எங்கே மண் சரிந்தாலும் வீதியின் இலக்கத்தையும் கிலோமீட்டர் கல்லையும் சொன்னால் போதும், எந்த அலுவலகம் வந்து அள்ள வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அந்தப் பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துக்குள் திரும்பினால் இந்த வசதி எதுவும் இல்லை. சந்தியில் தோட்டத்தின் பெயர்ப் பலகை துருப்பிடித்து நிற்கும், அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. ஆம்புலன்ஸ் சாரதி போன் பண்ணிக் கேட்டால், "கோயிலைத் தாண்டி, கொழுந்து மடுவத்துக்கிட்ட மேல ஏறுற பாதை, பெரட்டுக்களத்துல ரெண்டாப் பிரியும், இடது பக்கம் வாங்க" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இரவில், பனிமூட்டத்தில், வெளியூரிலிருந்து வரும் ஆளுக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவம் எது, ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களம் எது? பிரசவ வலியில் ஒரு பெண் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், காத்திருக்க, வீட்டு ஆட்கள் டோர்ச்சை எடுத்துக்கொண்டு சந்திக்கு ஓடுகிறார்கள். இதைப் பார்த்தவர்கள் இலக்கத்தைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டார்கள்.

மதகு உடைந்தாலும் இதே கதைதான். தோட்ட நிர்வாகம் பிரதேச சபையைக் காட்டும், பிரதேச சபை நிர்வாகத்தைக் காட்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி, தோட்டங்களுக்குள் செலவழிக்கச் சபைகளுக்கு வழி இல்லாமல் இருந்தது. 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இனியும் அதைக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் பதிவேட்டில் இல்லாத வீதிக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி எந்த உறுப்பினரால் கேட்க முடியும்?

ஆகவே என் வேண்டுகோள் இது. மலையகப் பிரதேச சபைகள் தோட்டத்து வீதிகளை அளந்து, பதிவேட்டில் ஏற்றி, இலக்கம் கொடுக்க வேண்டும். அந்த இலக்கம் பிரதான வீதியின் இலக்கத்தைச் சேர்த்தே வரட்டும். ஏ16இலிருந்து பிரியும் முதல் தோட்டப் பாதை 16/1, அடுத்தது 16/2 என்று வைத்தால் சிறுபிள்ளைகூட மனப்பாடம் செய்துவிடும். சந்தியில் ஒரு பலகை, உள்ளே பாதை பிரியும் இடங்களில் ஒவ்வொன்று, தமிழிலும் சிங்களத்திலும். தோட்டத்துச் சனங்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் பெயரையும் அந்தப் பலகையிலேயே எழுத வேண்டும். வெறும் இலக்கத்தை மட்டும் போட்டால் வயதானவர்கள் வழி சொல்ல முடியாமல் போய்விடும்.

புதிதாக வீதி போடும் செலவோடு பார்த்தால் இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. 2025 மே மாதத் தேர்தலில் வென்று வந்த உறுப்பினர்கள் தத்தம் சபையின் அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே இதற்குப் பணம் ஒதுக்கும் பிரேரணையைக் கொண்டுவர வேண்டும். தங்கள் பத்திரிகையும் இதைப் பற்றி அவர்களிடம் கேட்டு எழுதினால் பெரும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பண்டாரவளை.