ஹெக்டேர் கணக்கு மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அழிவின் விளிம்பில் நிற்கும் பெரிய புல்வெளிப் பறவையான கானமயிலுக்காகப் (Great Indian Bustard) புல்வெளிகளை மீட்கப்போவதாகச் செய்தி வரும்போதெல்லாம் அதில் ஹெக்டேர் கணக்கைப் பார்க்கிறேன். பிறப்பு, இறப்புக் கணக்கைக் காணோம். புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

ராஜஸ்தானின் தார் பாலைவனப் பகுதியில் சுமார் 128 கானமயில்கள் இருப்பதாகவும், ஆண்டுக்குச் சுமார் 18 பறவைகள் மின்கம்பிகளில் மோதி இறக்கக்கூடும் என்றும் இந்திய வனஉயிரின நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. நூற்றுக்குப் பதினான்கு! இப்பறவையோ பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும், அதுவும் வெறுந்தரையில். 100 பறவைகளில் 50 பெட்டைகள். எல்லாம் ஆண்டுக்கு ஒரு முட்டை இடுகின்றன. பத்துக்கு மூன்று வளர்ந்து ஆளாகின்றன என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வரவு 15. கம்பியால் 14, நோய், முதுமை முதலியவற்றால் 6 என்றால் செலவு 20. புல்வெளியை இரு மடங்காக்கினாலும் அதன் மேல் கம்பி ஓடும்வரை இந்தப் பற்றாக்குறை தீராது. புதுப் புல்லை நாடி வரும் பறவையும் அங்கேயே அடிபடும்.

இது ஒரு தாளில் போடும் கணக்கு. ஆய்வாளர்கள் வறட்சி ஆண்டு, நாயும் நரியும் தின்னும் முட்டைகள், பெட்டைகளின் வயது எல்லாவற்றையும் சேர்த்துக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்க்கிறார்கள். இத்தனை சிறிய கூட்டத்துக்கு அடுத்தடுத்து இரண்டு கெட்ட ஆண்டுகள் வந்தாலே போதும், சராசரிக் கணக்கு கைவிட்டுவிடும். எந்த நிலத்தை முதலில் மீட்பது, எங்கே சீமைக் கருவேலத்தை அகற்றுவது, எங்கே மின்கம்பியை மண்ணுக்கடியில் புதைத்த பிறகே புல் வளர்ப்பது என்று வரிசைப்படுத்த இந்தக் கணினிக் கணிப்பு மாதிரிகள்தான் உதவும். நீண்ட ஆயுளும் குறைந்த முட்டையும் உள்ள பறவைகளுக்கு, வளர்ந்த பறவை பிழைப்பதே எல்லாவற்றையும்விட முக்கியம் என்பதை அவை திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன.

கம்பிகளைப் புதைக்கும்படி 2021இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2024இல் அதைத் தளர்த்தி நிபுணர் குழுவை அமைத்தது. இந்தக் கம்பிகள் கொண்டுசெல்லும் சூரிய மின்சாரம் நாட்டுக்குத் தேவை, மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கம்பி எத்தனை பறவைகளைக் கொல்கிறது என்று பிரித்துப் பார்த்தால், புதைக்க வேண்டிய தூரம் நாம் அஞ்சுவதைவிடக் குறைவாகவே இருக்கலாம்.

எனவே, இனி வரும் ஒவ்வொரு புல்வெளித் திட்டத்தோடும் குஞ்சுகள் பிழைக்கும் விகிதம், வளர்ந்த பறவைகள் பிழைக்கும் விகிதம், கம்பியோடும் கம்பியின்றியும் ஐம்பது ஆண்டுகளில் எண்ணிக்கை என்னவாகும் என்ற கணிப்பு ஆகியவற்றையும் அரசு வெளியிட வேண்டும். ஆண்டுதோறும் களத்தில் எண்ணி அந்தக் கணிப்பைத் திருத்தவும் நிதி ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்