பதிவேட்டில் இன்னும் ஒரு வரி: அமெரிக்க ஜாக்கி கிளப்புக்கு ஒரு திறந்த மடல்

பந்தயக் குதிரைகளின் பதிவேட்டைப் பராமரிக்கும் அமெரிக்க ஜாக்கி கிளப்பின் நிர்வாகிகளுக்கும், கென்டக்கியில் பொலிகுதிரைகளை (இனப்பெருக்கத்துக்கான ஆண் குதிரைகளை) பேணிவரும் பண்ணை உரிமையாளர்களுக்கும் வணக்கம். வெளிநாட்டுக்கு விற்கப்படும் பொலிகுதிரைகள் ஓய்வுக்குப்பின் திரும்பி வர வழிசெய்யுங்கள் என்று கேட்கவே, ஃபெர்டினாண்ட் என்ற குதிரையின் கதையோடு இதை எழுதுகிறேன்.

1986 மே 3-ஆம் தேதி சர்ச்சில் டவுன்ஸில் நடந்த பந்தயத்தின் ஒளிப்பதிவை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. 16 குதிரைகள் ஓடிய கென்டக்கி டெர்பி அது, உங்கள் நாட்டின் மிகப் புகழ்பெற்ற குதிரைப் பந்தயம். உள்வேலியை ஒட்டிய முதல் புறப்பாட்டுக் கூண்டிலிருந்து கிளம்பிய ஃபெர்டினாண்ட், கதவு திறந்த சற்று நேரத்திலேயே மற்ற குதிரைகளால் நெருக்கப்பட்டு, எல்லாருக்கும் பின்னால் போய்விட்டான். (அஃறிணைக்கு 'அது' என்று எழுதுவதுதான் இலக்கணம். ஃபெர்டினாண்டை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.) முதுகில் இருந்தவர் பில் ஷூமேக்கர், அப்போது வயது 54. பயிற்சியாளர் சார்லி விட்டிங்ஹாமுக்கு 73. வெல்லும் குதிரை கையில் கிடைத்தால்தான் டெர்பிக்குத் திரும்புவது என்று 26 ஆண்டுகள் காத்திருந்தவர் அவர்.

ஷூமேக்கர் பதறவில்லை, சாட்டையை ஓங்கவில்லை. பின்னால் இருந்தபடியே ஒவ்வொரு குதிரையாகக் கடந்துவந்தார். கடைசித் திருப்பத்தைத் தாண்டியதும் முன்னால் ஓடிய குதிரைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி திறந்தது. அது மூடுவதற்குள் ஃபெர்டினாண்டை உள்வேலிப் பக்கமாக அதற்குள் செலுத்தினார். அவ்வளவுதான். இரண்டேகால் குதிரை நீள வித்தியாசத்தில் வெற்றி. டெர்பியை வென்ற ஜாக்கிகளில் ஷூமேக்கரைவிட வயதில் மூத்தவர் யாரும் இல்லை.

ஃபெர்டினாண்டின் தந்தை நிஜின்ஸ்கி, 1970-இல் இங்கிலாந்தின் மும்முடியை, அதாவது ஒரே ஆண்டில் மூன்று பெரும் பந்தயங்களை, வென்றவன். 1986-இல் கென்டக்கி டெர்பியை ஒரு மகன் வெல்ல, அதே கோடையில் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியை ஷாரஸ்தானி என்ற இன்னொரு மகன் வென்றான். அப்படிப்பட்ட குடி அது. ஃபெர்டினாண்ட் பிறந்ததும், பின்னாளில் பொலிகுதிரையாக நின்றதும் கென்டக்கியின் கிளெய்போர்ன் பண்ணையில்தான்.

அவனுடைய உச்சம் டெர்பி அல்ல என்பேன். மறு ஆண்டு, நான்கு வயதில், ஹாலிவுட் பார்க்கில் நடந்த பிரீடர்ஸ் கப் கிளாசிக்தான். அந்த ஆண்டின் டெர்பி வெற்றியாளன் அலிஷீபா வெளிப்பக்கமாகப் பாய்ந்து வர, இருவரும் ஏறக்குறைய ஒரே மூச்சில் கோட்டைத் தொட்டார்கள். மூக்கு நுனி வித்தியாசத்தில் ஃபெர்டினாண்ட் வென்றான். 1987-இன் 'ஆண்டின் சிறந்த குதிரை' விருது அவனுக்கு வந்தது. 29 பந்தயங்களில் 8 வெற்றி, 9 முறை இரண்டாம் இடம், 6 முறை மூன்றாம் இடம், 37 லட்சம் டாலருக்கு மேல் பரிசுத்தொகை. இவை உங்கள் ஏடுகளிலேயே இருக்கின்றன.

இனி வருவது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் முழுவதையும் எழுதுகிறேன்.

1989-இல் ஒரு பெட்டைக்கு 30,000 டாலர் கட்டணத்தில் அவனைப் பொலிக்கு விட்டார்கள். எதிர்பார்த்த குட்டிகள் வரவில்லை. 1993-இல் புளோரிடா டெர்பியை வென்ற புல் இன்த ஹெதர் தவிர, சந்தை திரும்பிப் பார்க்கும் பெயர் எதுவும் எழவில்லை. 1994-இல் அவன் ஜப்பானுக்கு விற்கப்பட்டான். அப்போது அவனுடைய முதல் தலைமுறைக் குட்டிகளுக்கு வயது நான்கு. அவனே தன் முழுத் திறனைக் காட்டியது நான்கு வயதில்தான். தந்தை முதிர்ந்த வயதைப் பிள்ளைகள் தொடும்போதே தந்தை கப்பலேற்றப்பட்டுவிட்டான். இரண்டு வயதிலேயே பாய்ந்து ஓடும் குட்டிகளுக்குத்தான் உங்கள் சந்தை விலை கொடுக்கிறது. அதைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

ஜப்பானியர்கள் அவனை ஆசையோடுதான் வாங்கினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு கென்டக்கியில் வாங்க ஆளில்லாமல் போன சண்டே சைலன்ஸ், ஜப்பானுக்குப் போய் 1995 தொடங்கி 13 ஆண்டுகள் தொடர்ந்து அந்நாட்டின் முதலிடப் பொலிகுதிரையாக இருந்தான். அப்படி ஒரு அதிர்ஷ்டம் மறுபடியும் வாய்க்காதா என்ற நம்பிக்கையில் அமெரிக்க வெற்றியாளர்கள் பலர் ஹொக்கைடோவுக்கு வரவழைக்கப்பட்ட காலம் அது. முதல் பருவத்தில் 77 பெட்டைகள் ஃபெர்டினாண்டிடம் வந்தன. 2000-ஆம் ஆண்டில் வந்தவை வெறும் 10. மறு ஆண்டு பிப்ரவரியில் அவன் ஒரு குதிரைத் தரகரின் கைக்குப் போனான். 2002-இல் அவனுடைய பதிவு நீக்கப்பட்டது.

அடிமாடாக அனுப்பப்பட்டிருந்தான்.

'அடிமாடு' என்பது எங்கள் சொல். ஏர் இழுத்து, வண்டி இழுத்து, இனி இழுக்க முடியாது என்றானபின் லாரியில் ஏற்றப்படும் மாட்டுக்கு அந்தப் பெயர். அந்த லாரிகளைச் சாலையில் பார்த்து வளர்ந்தவன் நான். டெர்பி வென்ற குதிரைக்கும் அதே சொல் பொருந்தும் என்று 2003 ஜூலையில் உங்கள் நாட்டின் குதிரை வார இதழில் செய்தி வெளிவந்தபோதுதான் உலகம் அறிந்தது. ஜப்பானியப் பண்ணையில் அவனைக் கவனித்துக்கொண்டவர்கள், அத்தனை சாதுவான குதிரையைப் பார்த்ததில்லை என்றும், மேய்ச்சல் வெளியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அருகே வருவான் என்றும் சொல்லியிருந்தார்கள். என்னால் அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. அந்தச் செய்தி வந்தபோது ஷூமேக்கர் உயிரோடு இருந்தார். மூன்று மாதம் கழித்து அக்டோபரில் காலமானார்.

அவருக்கு இந்த வலி இரட்டைவலி. 1978-இல் சியாட்டில் ஸ்லூ, அஃபர்ம்டு என்ற இரண்டு மும்முடி வெற்றியாளர்களை ஒரே பந்தயத்தில் முந்திய எக்செல்லரும் விட்டிங்ஹாமின் லாயத்துக் குதிரைதான், அன்று சவாரி செய்தவரும் ஷூமேக்கர்தான். அந்த எக்செல்லர் 1997-இல் சுவீடனில் இதே முடிவைச் சந்தித்தான். அப்போதே நீங்கள் விழித்திருக்க வேண்டும். இறந்து இரண்டு ஆண்டு கழித்துப் பந்தய உலகின் புகழ் மண்டபத்தில் அவன் பெயரைப் பொறித்தார்கள்.

இதை ஜப்பானின் குற்றமாகச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. கென்டக்கி டெர்பியை 2002-இல் வென்ற வார் எம்பிளம் ஏறக்குறைய 1.7 கோடி டாலருக்கு அங்கே வாங்கப்பட்டான். பெட்டைகள் மேல் அவனுக்கு நாட்டமே இல்லை. பொலிகுதிரையாக அவனால் வந்தது பெருநஷ்டம். ஆனாலும் அவனை அங்கே கைவிடவில்லை, 2015-இல் கென்டக்கிக்கே திரும்பி வந்தான். அதேபோல் ஜப்பானுக்கு விற்கப்பட்டிருந்த 1997-இன் டெர்பி வெற்றியாளன் சில்வர் சார்ம் 2014 டிசம்பரில் வந்து சேர்ந்தான். இருவருக்கும் ஜார்ஜ்டவுனில் உள்ள ஓல்ட் ஃபிரெண்ட்ஸ் காப்பகம் இடம் கொடுத்தது. சில்வர் சார்மை விற்கும்போதே, பொலிகாலம் முடிந்ததும் திரும்பப் பெறும் உரிமையை விற்றவர்கள் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஃபெர்டினாண்டின் விஷயத்திலோ, அவனை வளர்த்த பண்ணையிடமும் சொல்லவில்லை, அவனுடைய பழைய உரிமையாளரின் குடும்பத்திடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. ஒரு குதிரை பிழைத்ததற்கும் மற்றொரு குதிரை மாண்டதற்கும் நடுவில் நின்றது தாளில் எழுதிய ஒரு நிபந்தனை.

அந்த நிபந்தனையை விற்பவரின் நல்ல மனதுக்கு விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஒப்பந்தம் இருவருக்கு இடையே இருக்கும்வரை மூன்றாவது கைக்குப் போகும் குதிரையை அது காப்பாற்றாது. பதிவேடு காப்பாற்றும். அமெரிக்க ரத்தவழிப் பதிவேடு உங்கள் கையில் இருக்கிறது. அங்கே பதிவாகாத தரோபிரெட் (தூய பந்தய இன) குதிரையை உங்கள் நாட்டின் தரோபிரெட் பந்தயங்கள் ஏற்பதில்லை. 2017 முதல் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் மைக்ரோசிப் கட்டாயம் என்றீர்கள், எல்லாரும் கீழ்ப்படிந்தார்கள். ஒரு பொலிகுதிரை ஆண்டுக்கு 140 பெட்டைகளுக்கு மேல் சேரக்கூடாது என்று 2020-இல் விதி கொண்டுவந்தீர்கள். பெரிய பண்ணைகள் வழக்குத் தொடுத்தன, 2022-இல் விதியைத் திரும்பப் பெற்றீர்கள். இங்கே நான் கேட்பது யாருடைய வருமானத்தையும் குறைக்கும் விதி அல்ல.

வெளிநாட்டுக்கு விற்கப்படும் ஒவ்வொரு பொலிகுதிரையின் ஏற்றுமதிச் சான்றிலும், அவன் ஓய்வு பெறும்போது திரும்பி வரவேண்டிய இடத்தையும் அதற்குப் பொறுப்பேற்பவரையும் குறிப்பிடச் செய்யுங்கள். எத்தனை கை மாறினாலும் அந்த வரி அவனோடு போகட்டும். கை மாறும் ஒவ்வொரு முறையும் பொறுப்பாளருக்குத் தகவல் கொடுக்காவிட்டால் அந்த விற்பனையைப் பதிவேடு ஏற்காது என்று, பிற நாட்டுப் பதிவேடுகளோடு பேசி ஓர் உடன்பாட்டுக்கு வாருங்கள்.

பண்ணை உரிமையாளர்களே, செலவைப் பற்றிக் கவலைப்படுவீர்கள். ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு பெட்டைக்கான கட்டணத்தை அந்தக் குதிரையின் பெயரில் தனியாக எடுத்து வையுங்கள். ஃபெர்டினாண்டுக்கு முதல் பருவத்தில் மட்டும் அப்படிச் செய்திருந்தால் 30,000 டாலர் இருந்திருக்கும். நியூயார்க்கில் உரிமையாளர்கள் ஒவ்வொரு பந்தயத்துக்கும் சில டாலர்களைத் தாமாக முன்வந்து கொடுக்க அவன் பெயரிலேயே ஒரு கட்டணம் ஏற்படுத்தினார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் விரும்பினால் கொடுக்கலாம் என்பது ஒரு விதி ஆகாது.

உங்கள் அடுத்த விதித்திருத்தக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டீர்களா, மறுத்தீர்களா என்பதை வெளிப்படையாக அறிவியுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுதுங்கள். நான் வாசிப்பேன்.

அன்புடன்,
பந்தயக் குதிரைகளை நேசிக்கும் ஒரு தமிழ் வாசகன்