அடுத்த படியைச் சொல்லாத வாத்தியார்

அருப்புக்கோட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டிவிடாமல் இன்லேண்டு லெட்டர் தேடி வாங்கி எழுதியிருக்கிறாயே, மூன்று மாதம் பேசாமல் இருந்ததற்கு அதிலேயே பாதி மன்னிப்பு. மீதியை நேரில் வந்து வாங்கிக்கொள். முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உன் தங்கச்சி கம்பங்கூழைத் தவிர வேறெதையும் கண்ணில் காட்டுவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்வி, வேலை, முன்னேற்றம் இதிலெல்லாம் தலைமையின் பங்கு என்ன என்று உங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். “நீதான் முப்பது வருஷம் ஐ.டி.ஐ.யில் குப்பை கொட்டினாயே, நாலு பாயிண்ட் எழுதி அனுப்பு” என்கிறாய். பாயிண்ட் பாயிண்டாக எழுத எனக்கு வராது. மனதில் வருவதை எழுதுகிறேன், வேண்டியதை உருவிக்கொள்.

கோவைக்காரர்கள் கூட்டம் என்பதால் ஜி.டி. நாயுடுவில் ஆரம்பி, கைதட்டலுக்குக் குறைவிருக்காது. பள்ளிக்கூடம் பிடிக்காமல் ஓடியவர், ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கிக் கழற்றிப் பார்த்தவர், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டவர் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். நீ 1945-ஐச் சொல். கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் அவர் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கிய வருஷம் அது. நாலு வருஷப் படிப்பு நேர விரயம், இரண்டு வருஷம் போதும் என்று நின்றார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விலகிக்கொண்டார். கல்லூரி பிறகு தடாகம் ரோட்டுக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் பீளமேட்டில் பஸ் ஸ்டாப்பாக நின்றுபோனது. 1977-இல் நாம் இருவரும் ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் இறங்கி, காலேஜ் எங்கே என்று அரை மணி நேரம் தேடினோமே, ஞாபகம் இருக்கிறதா?

இரண்டு வருஷம், நாலு வருஷம் என்ற அந்தச் சண்டை படிப்பைப் பற்றியது மட்டும் இல்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஏழை வீட்டில் படிப்புக்கு ஆகும் பெரிய செலவு ஃபீஸ் இல்லை மாப்பிள்ளை. அந்த வருஷங்களில் பையன் சம்பாதிக்காமல் இருப்பதுதான் செலவு. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த ஒரு பிரின்சிபால். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் விடு.

1989 ஜூன் மாதம் என்று நினைக்கிறேன். ஃபிட்டர் பிரிவில் பாதி இடம் காலி. மனிதர் விண்ணப்பங்களைப் பையில் போட்டுக்கொண்டு, டி.வி.எஸ். 50-இல் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சாத்தூர்ப் பக்கம் கிளம்பிவிட்டார். தீப்பெட்டி ஆபீஸ் விடும் நேரம் பார்த்து டீக்கடை பெஞ்சில் உட்காருவார். ஐ.டி.ஐ.யைப் பற்றி எடுத்த எடுப்பில் ஒரு வார்த்தை பேசமாட்டார். “பையன் வாரம் எவ்வளவு கொண்டாந்து கொடுக்கிறான்?” என்பதுதான் முதல் கேள்வி. அப்பன்காரன் ஒரு தொகை சொல்வான். “அது ரெண்டு வருஷத்துக்கு வராது. வட்டிக்காரனுக்கு எவ்வளவு, அரிசிக்கு எவ்வளவு, சொல்லுங்க, கணக்குப் போடுவோம்.” விண்ணப்பத்தின் பின்பக்கத்திலேயே கூட்டிக் கழிப்பார். துண்டு விழுகிற தொகைக்கு, ஊரில் யாராவது லேத் பட்டறைக்காரரைப் பிடித்து, சாயங்காலம் மூன்று மணி நேரம் பையனுக்கு வேலை பேசி விடுவார். அந்த வருஷம் ஃபிட்டர் பிரிவு நிறைந்தது. சேர்ந்தவர்களில் மூன்று பேர் நடுவில் நின்றார்கள். அந்த மூன்று வீட்டுக்கும் மறுபடி அதே டி.வி.எஸ். 50. ஒருவன் திரும்பி வந்தான்.

தமிழ்நாட்டில் பலித்த திட்டங்களைப் பார், எல்லாம் இந்த வீட்டுக் கணக்கைத் தொட்டவைதான். காமராஜர் 1956-இல் எங்கள் பக்கத்து எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு வீட்டுச் செலவிலிருந்து குறைந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் கல்யாணத்துக்குப் பணமும் பிறகு தாலிக்குத் தங்கமும் கொடுத்த திட்டத்தை 2022-இல் கல்லூரிப் படிப்புக்கான திட்டமாக மாற்றினார்கள். புதுமைப் பெண் என்று பெயர். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரி முடியும்வரை மாதம் 1000 ரூபாய், அவள் பெயரிலேயே உள்ள கணக்கில். “கட்டிக்கொடுத்தால் தங்கம்” என்றிருந்தது “படித்தால் பணம்” என்று ஆனது. இதைவிட ஓசையில்லாமல் ஒரு சமூக மாற்றத்தை நான் பார்த்ததில்லை. 2024-இல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று வந்தது. அப்புறம், தொழிற்கல்வியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு. மருத்துவத்தில் 2020-இல் வந்தது, பொறியியலுக்கு அடுத்த வருஷம்.

உங்கள் சங்கத்தில் யாராவது எழுந்து, “இலவசம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்” என்று சொல்வார். 2021-22 மத்திய அரசுக் கணக்கை எடுத்து நீட்டு. 18 முதல் 23 வயதுக்காரர்களை வைத்துப் பார்க்கும் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 47. ஆனால் அந்த 47-ஐ வைத்து நீயும் ரொம்பத் துள்ளாதே. அது சேர்ந்தவர் கணக்கு. சேர்ந்தவன் ஐந்து வருஷம் கழித்து எங்கே நிற்கிறான் என்பதை யாரும் போன் போட்டுக் கேட்பதில்லை. பி.இ. முடித்துவிட்டுச் சோறு பார்சல் கொண்டுபோகிற பையன்கள் உங்கள் ஊர் சிக்னலில் எத்தனை பேர்! “ஸ்கில் இல்லை” என்று பிள்ளைகளைத் திட்டுகிற கம்பெனிகளே, கற்றுத்தருகிறோம் என்று அப்ரண்டிஸாக எடுத்து, வருஷம் முடிந்ததும் அனுப்பிவிட்டு அடுத்த பேட்சை எடுக்கின்றன. 1961-இல் அப்ரண்டிஸ் சட்டம் போட்டது அதற்கில்லை.

இப்போது சொல்லப்போவதை மேடையில் சொல்லாதே. இது உனக்கு மட்டும்.

1996-இல் முடித்த பேட்சில் ஒரு பையன் இருந்தான். ஃபிட்டர் பிரிவில் முதல் மாதம் முழுக்க அரம் பிடிக்கிறதுதான் வேலை, உனக்குத் தெரியும். இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, மட்டமாக ராவி, ட்ரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை வைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் நூலளவு வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி ராவு. மற்றவர்கள் மயில்துத்தக் கரைசலைத் தடவிக் கோடு போடும் கட்டத்துக்கு வர மூன்று வாரம் ஆகும். இவன் எட்டாம் நாள் துண்டைக் கொண்டுவந்து நீட்டினான். தூக்கிப் பார்த்தேன். வெளிச்சமே இல்லை.

முடிக்கும்போது வந்து கேட்டான்: “சார், இதுக்கு மேல டிப்ளமா சேரலாம்னு சொல்றாங்களே?” சேரலாம்தான். டிப்ளமா முடித்தால் பி.இ.யில் நேராக இரண்டாம் வருஷம் போகலாம். எனக்குத் தெரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கையில தொழில் இருக்கு. எதுக்குடா பேப்பர்?” தொழிலை மதிக்கிறேன் என்ற கெத்தில் சொன்னேன். நான் டிப்ளமா வாங்கி, சர்க்கார் சம்பளத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

2015-இல் அவனை மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஓசூரில் வேலை, பத்தொன்பது வருஷமாக அதே ஆபரேட்டர். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். “நான் வேலை கத்துக்கொடுத்த பையன்தான் சார் இப்ப எனக்கு சூப்பர்வைசர். டிப்ளமா படிச்சிருக்கான்” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், என்மேல் வருத்தம் எதுவும் காட்டவில்லை. காட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன். என் பஸ் கிளம்பும்வரை நின்று கையாட்டிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை இரண்டு வருஷம், ஒவ்வொரு பேட்சுக்கும் முதல் நாளே கரும்பலகையில் படிப்படியாக எழுதிப் போட்டேன். ஐ.டி.ஐ., அதிலிருந்து டிப்ளமா இரண்டாம் வருஷம், அதிலிருந்து பி.இ. இரண்டாம் வருஷம். பத்தாவது முடித்து இரண்டு வருஷ ஐ.டி.ஐ. படித்தவன் மொழிப்பாடங்களை எழுதிப் பாஸ் செய்தால் பிளஸ் டூவுக்குச் சமம் என்பதையும் இப்போது பார்க்கிற பையன்களிடம் சொல்கிறேன். ஐ.டி.ஐ.களுக்கு இன்று பணம் வராமல் இல்லை. 71 அரசு ஐ.டி.ஐ.களை டாட்டா டெக்னாலஜிஸ் துணையோடு 2,877 கோடியில் புதுப்பித்திருக்கிறார்கள். ரோபோ கை, கம்ப்யூட்டர் ஓட்டுகிற சி.என்.சி. மெஷின் எல்லாம் ஏ.சி. அறையில் நிற்கிறது, பையன்கள் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அங்கே நின்ற ஒரு பையனிடம் இதை முடித்துவிட்டு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். “வேலைக்குப் போவேன் சார்” என்றான். டிப்ளமா கதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அரை மணி நேரம் உட்கார்த்திவைத்துச் சொன்னேன். அவன் ஆசிரியர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தலைமை என்றால் என்ன என்று கேட்டிருந்தாய். அந்த டி.வி.எஸ். 50-க்குப் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்ததைத் தவிர எனக்கு அதைப்பற்றி எதுவும் தெரியாது. அதைப் பார்த்தும் ஏழே வருஷத்தில் ஒரு பையனிடம் அப்படிச் சொன்னவன் நான்.

உன் அக்கா பேரன் விஷயம். பிளஸ் டூ மார்க் குறைவு என்பதற்காக மேனேஜ்மெண்ட் கோட்டாவில் லட்சக்கணக்கில் கொட்டாதீர்கள். கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்தவன்தானே, பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் போடுங்கள். இரண்டு வருஷத்தில் டிப்ளமா கையில் இருக்கும். வேலைக்குப் போவதானால் போகட்டும், இல்லையென்றால் கவுன்சலிங்கில் பி.இ. இரண்டாம் வருஷம். மொத்தம் ஒரு வருஷம்தான் கூடுதல். அக்கா அழுவாள், “இஞ்ஜினியர்னு சொல்ல முடியாதே” என்பாள். நான் போனில் பேசுகிறேன், என் பேச்சைக் கேட்பாள்.

கடைசியாக ஒன்று. இந்த மாதம் காலையில் பத்து மணிக்கு எங்கள் தெருக்கோடி இ-சேவை மையத்துக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு வருகிறவர்கள்தான் அதிகம். வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதை நிரூபிக்க, படித்தவரை எல்லார் பள்ளிச் சான்றையும் கொண்டா என்கிறார்கள். பள்ளிக்கூடமே போகாத ஆத்தாவின் டி.சி.க்கு எங்கே போவது? நேற்று ஒரு பெண் ரேஷன் கார்டு, அண்ணன் டி.சி. எல்லாம் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு மூன்றாவது நாளாக வந்திருந்தாள். ஒரு காகிதம் இன்னும் குறைகிறது, வி.ஏ.ஓ. செவ்வாய்க்கிழமைதான் வருவாராம். எனக்குச் சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. உன் கூட்டம் முடிந்ததும் ராத்திரி பஸ்ஸைப் பிடித்துவிட்டால் செவ்வாய் காலை இங்கே இருப்பாய். கண்ணாடியை மறக்காமல் எடுத்து வா.

உன் பழைய அறைத்தோழன்