கோடி வீட்டுப் பையன்

அன்பு மகளுக்கு,

நலம், உன் நலமறிய ஆவல். சென்ற மாதம் திருவிழாவுக்கு நீ வந்திருந்தபோது, தண்ணீர் மோட்டாரைப் பழுதுபார்க்கத் தெருக்கோடி வீட்டுப் பையன் வந்தான் அல்லவா? ஐந்தாம் வகுப்புவரை உன்னோடு நொண்டி விளையாடியவன், கிரீஸ் படிந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டான். நீயும் "நல்லா இருக்கேங்க" என்றாய். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு எழவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

உன்மீதும் அவன்மீதும் குற்றமில்லை. 2012இல் ஆறாம் வகுப்புக்கு உன்னைத் தனியார் பள்ளிக்கு மாற்றியவன் நான். காலை ஏழு மணிக்கு வேன் ஏறி, டியூஷனும் முடித்து இருட்டிய பிறகு வீடு திரும்பிய பிள்ளைக்குத் தெருவில் யாரோடு பழக்கம் இருக்கும்? நல்ல படிப்பு வேண்டும் என்று மட்டுமே நினைத்தேன். நீ யாரோடு பழகுவாய், யாரை அறியாமலே வளர்வாய் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நான் படித்த ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு 1982இல் சத்துணவு வந்தபோது, நெல் மண்டிக்காரர் மகனும் சலவைத் தொழிலாளி மகனும் என் வரிசையிலேயே தட்டோடு உட்கார்ந்தார்கள். உன் அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் தேவைப்பட்ட இரவில் ஓடி வந்த மூவரும் அந்த வரிசையில் இருந்தவர்கள்தான்.

தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பின் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொன்ன 2009ஆம் ஆண்டுச் சட்டம், கீழ் வகுப்பிலிருந்து தொடங்கியதால், உன் வகுப்பை எட்டவில்லை. தில்லியில் ஏழைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்த வசதியான மாணவர்களிடம் கொடுக்கும் குணம் கூடியிருந்ததையும், ஏழைகளை ஒதுக்கும் போக்கு குறைந்திருந்ததையும் பொருளியலாளர் கௌதம் ராவ் 2019இல் வெளியான தம் ஆய்வில் காட்டியிருக்கிறார். உனக்கு அந்த வாய்ப்பு அமையாமல் போனதில் எனக்கு வருத்தமே.

அந்தப் பையனின் தங்கை அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை முதலில் பதிவது, எதைக் கடைசியில் வைப்பது என்று கேட்க அந்த வீட்டுக்கு ஆளில்லை. உனக்கோ, உன் தோழிகளின் அண்ணன்மாரும் அக்காமாரும் தொலைபேசியிலேயே வரிசை போட்டுக் கொடுத்தார்கள். உன்னிடம் கேட்க அவன் தயங்கினான், நானே கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரையும் நம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மறவாமல் தொலைபேசியில் அழைத்து அவளுக்கு வழி சொல். அவனிடமும் பேசு அம்மா. பழையபடி "நீ" என்றே பேசு.

அன்புடன்,
அப்பா