பம்பை மாற்றியும் நிற்காத ஹைட்ராலிக் லிஃப்ட்: டிராக்டர் நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
டிராக்டர் உரிமையாளர் (மானாவாரி விவசாயி),
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
டிராக்டர் உற்பத்தி நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: ஹைட்ராலிக் லிஃப்டின் பழுதைச் சோதிக்காமல் பம்பை மாற்றியது குறித்தும், உரிய பழுதுநீக்கமும் பணத்தைத் திரும்பத் தருவதும் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் 35 குதிரைத்திறன் டிராக்டர் 1999-ஆம் ஆண்டு முதல் எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. கரிசல் காட்டில் மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் எங்களுக்கு உழவு முதல் மூட்டை ஏற்றிச் செல்வது வரை எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வண்டிதான். இதன் இன்ஜினைப் பற்றியோ கியர் பாக்ஸைப் பற்றியோ இன்றுவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. கலப்பையை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லிஃப்டில் வந்த பழுதைத் தங்களின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையம் கையாண்ட விதம் குறித்தே இக்கடிதத்தை எழுதுகிறேன். பழுது எந்த இடத்தில் என்று சோதிக்காமலேயே அங்கே ஹைட்ராலிக் பம்பை மாற்றி, 16,000 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டார்கள். வண்டியோ பழைய பழுதுடனேயே வீட்டுக்குத் திரும்பியது.

பழுதின் தன்மையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் புகாரே அதில்தான் அடங்கியிருக்கிறது. ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டி லிவரை மேலே தள்ளினால், கலப்பை தடையில்லாமல் வழக்கமான வேகத்தில் முழு உயரத்துக்கும் ஏறுகிறது. ஆனால் ஏறிய இடத்தில் நிற்பதில்லை. இன்ஜின் ஓடும்போது லிஃப்ட் கைகள் சற்றே தாழ்ந்து, உடனே ஒரு வெட்டு வெட்டி மேலேறி, மறுபடியும் தாழ்கின்றன. இன்ஜினை அணைத்துவிட்டால், லிவரைத் தொடாமலேயே கலப்பை மெல்ல இறங்கி, கொழு முனைகள் தரையில் ஊன்றிவிடுகின்றன. காலையில் எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது மெதுவாக இறங்குவது, கொஞ்ச நேரம் உழுது எண்ணெய் சூடேறி இளகிய பிறகு விரைவாக இறங்குகிறது.

இவ்வளவையும் சர்வீஸ் மையத்தில் நான் வாயால் சொன்னதோடு, கலப்பையைத் தூக்கி இன்ஜினை அணைத்து, அது இறங்குவதை அவர்கள் கண்ணெதிரிலேயே காட்டினேன். அப்படியிருந்தும் பழுதைக் குறித்து வைக்கும் ஜாப் கார்டில் "லிஃப்ட் தூக்கவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். அந்தத் தவறான பதிவை வைத்துக்கொண்டுதான் பம்பைக் கழற்றியிருக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

தங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆயினும் புகாரின் அடிப்படை விளங்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பம்பின் வேலை, எண்ணெயை அழுத்தத்தோடு கன்ட்ரோல் வால்வுக்கு அனுப்புவது. அங்கிருந்து சிலிண்டருக்குள் போகும் எண்ணெய் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் லிஃப்ட் கைகள் பொருத்தப்பட்ட ராக் ஷாஃப்ட் என்ற தண்டைத் திருப்ப, லிஃப்ட் கைகள் உயர்கின்றன. கலப்பை உயர்ந்த பிறகு சிலிண்டரில் நிறைந்திருக்கும் எண்ணெயைப் பின்வாங்க விடாமல் பிடித்து வைப்பது பம்பு அல்ல. கன்ட்ரோல் வால்வில் உள்ள, எண்ணெயை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வும், பிஸ்டனைச் சுற்றி எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீலும்தான். பம்பு தேய்ந்திருந்தால் பாரம் ஏறவே திணறும், அல்லது எண்ணெய் சூடானதும் ஏறாமலேயே நின்றுவிடும். இன்ஜின் நின்று, பம்பும் நின்ற பிறகு கலப்பை இறங்குகிறது என்றால், அடைத்து வைத்த எண்ணெய் வேறெங்கோ கசிகிறது என்றுதான் பொருள். அந்தக் கசிவு பிஸ்டன் சீலில் இருக்கலாம், செக் வால்வின் இருக்கையில் இருக்கலாம், சிலிண்டரின் சேஃப்டி வால்விலோ வால்வும் சிலிண்டரும் இணையும் இடத்து ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்திலோ இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் பம்பில் இருக்க வழியில்லை. இன்ஜின் ஓடும்போது லிஃப்ட் தலையாட்டுவதும் இதே கசிவால்தான்: கைகள் தாழ்ந்ததை, அவற்றின் உயரத்தைக் காக்கும் பொசிஷன் கன்ட்ரோல் உணர்ந்து மறுபடி எண்ணெயை அனுப்பித் தூக்குகிறது, எண்ணெய் மறுபடி கசிகிறது.

முதலில் அவர்கள் எண்ணெயை மாற்றியதையும் சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர் என்ற எண்ணெய் வடிகட்டும் சல்லடையைக் கழுவியதையும் நான் குறை சொல்லவில்லை. பழைய வண்டியில் எந்த ஹைட்ராலிக் பழுதுக்கும் அங்கிருந்து தொடங்குவதே முறை. அதன்பின், உழும்போது மண்ணின் இழுவைக்கேற்பக் கலப்பையை ஏற்றி இறக்கும் டிராஃப்ட் கன்ட்ரோலைத் திருகிப் பார்த்தார்கள், மாற்றமில்லை. அடுத்து அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜை மாட்டி, மிகை அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறக்கும் வரை பம்பு தரும் அழுத்தம் கையேட்டில் குறித்த அளவை எட்டுகிறதா என்று பார்த்திருந்தால், பம்பு நலமாக இருப்பது அப்போதே தெரிந்திருக்கும். அதைச் செய்யவில்லை. கேஜ் அன்று கையிருப்பில் இல்லை என்றார்கள். கேஜ் இல்லாத நிலையில் அவ்வளவு விலையுள்ள பாகத்தைப் பழுது என்று எதை வைத்து முடிவு செய்தார்கள் என்ற என் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. கழற்றிய பழைய பம்பைக் கேட்டேன், அதையும் தரவில்லை. பம்பு மாற்றிய பிறகும் கலப்பை இறங்குவதைக் காட்டியபோது, "மாடல் பழசு, லிஃப்ட் அசெம்பிளியையே முழுசாக மாற்றினால்தான் சரியாகும்" என்று சொல்லி, அதற்கும் ஒரு விலைப்பட்டியலை நீட்டினார்கள்.

அதன் பிறகு எங்கள் ஊர்ப்பக்கத்து மெக்கானிக் ஒருவரை அழைத்தேன். அவர் கலப்பையைத் தூக்கி, அதன் அடியில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, கலப்பை எவ்வளவு இறங்கினாலும் கட்டையில் தங்கும்படி செய்துவிட்டு, சீட்டுக்கு அடியிலுள்ள மூடியைத் திறந்தார். மறுபடி சற்றே தூக்கி இன்ஜினை அணைத்து, டார்ச் அடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். சிலிண்டரின் திறந்த வாயில், பிஸ்டனின் கீழ் விளிம்பிலிருந்து எண்ணெய் நூல் பிடித்தாற்போல விடாமல் வழிந்துகொண்டிருந்தது. கைகள் கட்டையில் தங்கிப் பாரம் நீங்கியதும் அந்த ஒழுக்கு நின்றது. கசிவு பிஸ்டன் சீலில் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? இதைக் கைப்பேசியில் படமெடுத்து இணைத்திருக்கிறேன். சிலிண்டரின் உட்சுவரில் கீறல் விழுந்திருந்தால் புதுச் சீலும் சீக்கிரம் கிழிந்துவிடும், ஆகவே கம்பெனியின் அசல் சீல் கிட்டை வைத்துக்கொண்டு, அளவு பார்த்துத்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்லி, அவர் மேற்கொண்டு எதையும் கழற்றவில்லை. சில நூறு ரூபாய் பெறும் அந்தச் சீல் கிட்தான் தங்கள் டீலரிடம் "சப்ளை இல்லை" என்று சொல்லப்படுகிறது.

இந்தப் பழுதோடு வண்டி ஓட்டுவதில் உள்ள ஆபத்தையும் தாங்கள் உணர வேண்டும். கலப்பையை ஏற்றிக்கொண்டு தார்ச் சாலையில் போகும்போது அது தானாகத் தாழ்ந்து தரையில் மாட்டினால், பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரரின் கதி என்ன? கொழு மாற்ற ஆள் குனிந்திருக்கும் நேரத்தில் கலப்பை இறங்கினால் என்ன ஆகும்? புரட்டாசி மழைக்குப் பின் கரிசலில் ஈரம் இருப்பதற்குள் விதைத்தாக வேண்டிய எங்களுக்கு, இந்தப் பருவத்தில் வாடகை டிராக்டருக்குக் காத்திருந்ததில் நல்ல பதம் கைநழுவிப் போனது. அந்த இழப்புக்கு நான் இங்கே விலை போடவில்லை.

தங்களிடம் நான் கேட்பது இவைதான். தகுதியுள்ள டெக்னீஷியன் ஒருவரை பிரஷர் கேஜுடன் அனுப்பி, என் முன்னிலையில் சோதித்து, முடிவை எழுத்தில் தர வேண்டும். பம்பு பழுதில்லை என்று தெரிந்தால், பம்பின் விலையையும் அதற்கான கூலியையும் திரும்பத் தர வேண்டும். பழைய பம்பையும் ஒப்படைக்க வேண்டும். பிஸ்டன் சீல், சீலுக்குத் துணையாக நிற்கும் பேக்கப் ரிங், ஓ-ரிங் அடங்கிய அசல் கிட்டை வரவழைத்து, சிலிண்டரை அளந்து பார்த்து மாற்றித் தர வேண்டும். இந்த வேலைக்கும் சீலுக்கும் உரிய நியாயமான தொகையைச் செலுத்த நான் தயார். இந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் ஹைட்ராலிக் பகுதியின் நகலையும் தர வேண்டும். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக முன்னெடுத்த பணியில் விவசாயக் கருவிகளும் சேர்க்கப்பட்டிருப்பதால், கையேடும் உதிரிபாகமும் கேட்பதை மிகையான கோரிக்கையாகத் தாங்கள் கருத மாட்டீர்கள் என நம்புகிறேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வேன். பிழைப்புக்காகச் சுயதொழிலில் பயன்படுத்துபவரையும் அச்சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன்.

ஜாப் கார்டு, பம்புக்கான ரசீது, லிஃப்ட் அசெம்பிளிக்கான விலைப்பட்டியல் ஆகியவற்றின் நகல்களும், எண்ணெய் கசிவதைக் காட்டும் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. சேஸிஸ் எண்ணும் தொடர்பு எண்ணும் ரசீதிலேயே உள்ளன. டெக்னீஷியன் வரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால், கலப்பையை மாட்டி வண்டியைத் தயாராக நிறுத்தி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டிராக்டர் உரிமையாளர்