டிராஃப்ட் கதைய விடுங்க லூசியா அம்மா

அன்புள்ள லூசியா ஹாரிஸ் அம்மாவுக்கு,

இத நீங்க படிக்கப் போறதில்ல, 2022 ஜனவரி 18ஆம் தேதியே போய்ச் சேர்ந்துட்டீங்க, ஆனாலும் எழுதாம இருக்க முடியல. உங்க பேர கூகுள்ல போட்டா முதல்ல வந்து விழுறது ஒரே விஷயம்தான். 1977ல அமெரிக்காவுல ஆம்பளைங்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏவோட டிராஃப்ட்ல, அதாவது டீம்கள் புது ஆளுங்கள வரிசையா தேர்ந்தெடுக்குறப்ப, நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் டீம் உங்கள எடுத்தாங்க, ஏழாவது ரவுண்டு, 137வது ஆளு, நீங்க போகல. நானும் அத பாத்துட்டுதான் உள்ள வந்தேன், பொய் சொல்லுவானேன்.

உள்ள வந்த அப்புறம் எனக்கு ஒட்டிக்கிட்டது அந்த போர்வைதான். மிசிசிப்பி டெல்டாவுல மின்டர் சிட்டி, விவசாயக் குடும்பம், பதினோரு பிள்ளைங்கள்ல நீங்க பத்தாவது. நைட்டு லேட்டா டிவில என்பிஏ ஸ்டார் ஆஸ்கர் ராபர்ட்சன் மேட்ச் ஓடும், அம்மா போய் தூங்குன்னு சத்தம் போடுவாங்க, நீங்க போர்வைய டிவிக்கும் சேர்த்து மேல போட்டுக்கிட்டு வெளிச்சம் வெளிய தெரியாம உள்ளயே உக்காந்து பாப்பீங்களாம். எங்க வீட்ல இது நடந்திருந்தா எங்கம்மா மெயின் ஸ்விட்ச்சயே ஆஃப் பண்ணியிருப்பாங்க.

ஸ்கூல்ல நெட்டையா இருக்கான்னு கிண்டல் பண்ணவங்க, 6 அடி 3 அங்குலம் கோர்ட்ல நின்னா என்ன ஆகும்னு யோசிக்கல. டெல்டா ஸ்டேட் காலேஜ்ல மார்கரெட் வேட் கோச், டீம்ல கறுப்பினப் பொண்ணு நீங்க ஒருத்தர்தான், 1975, 76, 77னு வரிசையா மூணு தேசிய சாம்பியன்ஷிப். மொத்தம் 2,981 பாயிண்ட்ஸ், 1,662 ரீபவுண்ட், அதாவது உள்ள போகாம திரும்பி வர்ற பந்த புடிக்கிறது. சராசரிய பாத்தா மேட்சுக்கு 25.9, அதுவும் தூரத்துல இருந்து போட்டா மூணு பாயிண்ட்ங்கிற கோடே இல்லாத காலத்துல, முழுக்க பாஸ்கெட்டுக்கு கீழயே நின்னு இடிபட்டு எடுத்தது.

அப்புறம் மாண்ட்ரியல். 1976க்கு முன்னாடி ஒலிம்பிக்ஸ்ல பெண்கள் பாஸ்கெட்பாலே கிடையாது, அந்த முதல் தடவைல முதல் பாயிண்ட்ஸ் போட்டது நீங்க. உலகத்துல எத்தனை பேர் எத்தனை மெடல் வாங்கினாலும் இந்த ஒண்ணு இனி யாருக்கும் கிடைக்காது, ஏன்னா முதல்ங்கிறது ஒரு தடவைதான. அந்த மேட்ச்ல ஜப்பான்கிட்ட தோத்தீங்கங்கிறது வேற விஷயம், கடைசில சோவியத்துக்கு தங்கம், உங்களுக்கு வெள்ளி. இத விட்டுட்டு ஜனங்க டிராஃப்டையே பிடிச்சு தொங்குறாங்க!

"அய்யோ போயிருந்தா?"ன்னு உச்சு கொட்டுறவங்கள பாத்தா எரிச்சலா வருது. வயித்துல குழந்தை, ஜாஸ் டீம் கூப்பிட்டதே விளம்பரத்துக்குத்தான்னு உங்களுக்கு பட்டுச்சு, வேணாம்னீங்க, அவ்ளோதான். எனக்கு வருத்தம் அங்க இல்ல. ஆம்பளைங்க டீம்ல இடம் தர்றோம்னு ஒரு நாள் பேப்பர்ல போட முடிஞ்ச நாட்டுல, பொம்பளைங்க விளையாட ஒழுங்கா ஒரு லீக் இல்ல பாருங்க, அங்கதான் வயிறு எரியுது. 1979-80ல அப்ப இருந்த ஒரு பெண்கள் லீக்ல, ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ் டீமுக்கு ஒரு சீசன் ஆடினீங்க, அந்த லீக்கையும் 81ல மூடிட்டாங்க. பெண்களுக்கான டபிள்யூஎன்பிஏ லீக் ஆட்டம் ஆரம்பிச்சது 1997ல, அப்ப உங்களுக்கு வயசு 42. நடுவுல நீங்க ஊர்ல டீச்சரா இருந்தீங்க, பிள்ளைங்களுக்கு கோச்சிங் கொடுத்தீங்க, நாலு பிள்ளைய வளத்தீங்க, பைபோலார்ங்கிற மனநோயோட போராடினீங்க, அத மறைக்காம வெளிய சொல்லவும் செஞ்சீங்க.

உங்கள பத்தின அந்த 22 நிமிஷ ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கினப்ப நீங்க போய் ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு. அதுல டெல்டா ஸ்டேட் பத்தி பேசும்போது ஒரு சிரிப்பு சிரிக்கிறீங்க பாருங்க, அதுக்காகவே மூணு தடவை பாத்தேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். 1992ல பாஸ்கெட்பால் சாதனையாளர்கள கௌரவிக்கிற நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேம்ல உங்கள சேத்தாங்க, கறுப்பினப் பெண்கள்ல நீங்கதான் முதல் ஆள், அன்னைக்கு உங்க பக்கத்துல வந்து நின்னது அதே ஆஸ்கர் ராபர்ட்சன். அவர்கிட்ட அந்த போர்வை கதைய சொன்னீங்களா?