கூரை நெளிவுக்கு வழி சொன்னவருக்கு நன்றி

பழைய கார் கூரையின் நெளிவை எடுக்கச் சொல்லித்தந்த, பெயர் சொல்லாத டிங்கர் அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. "பள்ளத்தை அடிக்காதீங்க, சுற்றி எழும்பி நிற்கிற மேட்டை முதல்ல இறக்குங்க" என்றாரே, வேலையே அதுதான்! உள்கூரைத் துணியைக் கழற்றிவிட்டு, பள்ளத்துக்கு அடியில் டாலியை (கையில் பிடிக்கிற இரும்புக் கட்டை) அழுத்திப் பிடித்து, வெளியே மேட்டில் லேசாகத் தட்டினால் பள்ளம் மெல்ல ஏறுகிறது. டாலிக்கு நேர்மேலே ஓங்கி அடித்தால் தகடு மெலிந்து விரியும். அப்புறம் விரல் வைத்தாலே 'டப்' என்று உள்வாங்கும். விரிந்த இடத்தில் சின்ன நாணய அளவுக்கு மட்டும் மங்கிய சிவப்பாகச் சூடேற்றி, சுற்றித் தட்டி, ஈரத்துணி வைத்தால் சுருங்கும். ஈயம் பூசிய மூட்டுப்பக்கம் சுடரே போகக்கூடாது, உருகி வழியும். மிச்சப் பள்ளத்தை நிரப்பப் பூசும் புட்டி (நிரப்புப் பசை) 3 மி.மீ. கனத்துக்குள். அதுவே அதிகம்தான்.